நாற்பது நாள் சிப்பிப்பாறைக் குட்டி: என்ன கொடுப்பது, எப்போது ஓட விடுவது?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்வி. சிப்பிப்பாறை வேட்டை நாயின் 40 நாள் செவலைக் கடுவன் குட்டி, 3 கிலோ இருக்கிறது, விலா தெரிகிறது, என்ன போட்டால் உடம்பு தேறும் என்பது ஒன்று. எத்தனை மாதத்தில் பைக்குக்குப் பின்னால் ஓட்டிப் பழக்கலாம், எப்போது வேட்டைக்குக் கூட்டிப் போகலாம் என்பது இரண்டாவது. பட்டினி போட்டுச் சங்கிலியில் கட்டி வைத்தால்தான் ரோஷம் வரும் என்று நண்பர் சொன்னாராம், அது உண்மையா என்பது மூன்றாவது.

மூன்றாவதுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது அவசரம். உண்மை இல்லை. இந்த வயதுக் குட்டியின் உடம்பில் சேமிப்பு என்று எதுவும் கிடையாது. ரொம்ப நேரம் வயிறு காய்ந்தால் சர்க்கரை இறங்கி, கால் தள்ளாடி, கண் சொருகிவிடும். இரவு முழுக்கப் பட்டினி கிடந்த குட்டி காலையில் எழுந்திருக்காமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். விரட்டும் குணம் சிப்பிப்பாறைக்கு ரத்தத்தில் இருக்கிறது. காற்றில் பறக்கும் பாலிதீன் பையைக் கண்டாலே குட்டி கழுத்தை நீட்டிப் பார்க்கும். அதைப் பசியால் வரவைக்க வேண்டியதில்லை. சங்கிலியில் கட்டி வளர்த்த குட்டிக்கு வருவது ரோஷம் அல்ல, பயம். பயந்த நாய்தான் வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும்.

சாத்தூருக்குத் தெற்கே கரிசல் காட்டில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கன்னி என்ற வேட்டை நாயும் சிப்பிப்பாறையும் வளர்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதல் ஒரு வருடம் இந்தக் குட்டியை வேட்டை நாயாக நினைக்காதீர்கள். எலும்பு வளரட்டும், குடல் பழகட்டும், உங்கள் குரலுக்குத் திரும்பட்டும். ஓட்டம் அதற்குப் பிறகு தானாக வரும்.

40 நாளில் தாயிடமிருந்து பிரித்தது சீக்கிரம். 8 வாரமாவது தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டும். கடித்து விளையாடும்போது எந்த அளவுக்கு மேல் கடிக்கக்கூடாது என்பதை அங்கேதான் கற்றுக்கொள்ளும். கொடுத்தவர் வீடு பக்கத்தில் என்றால், ஈத்து இன்னும் கலையவில்லை என்றால், இரண்டு வாரம் திரும்ப விட்டு எடுத்து வாருங்கள். முடியாது என்றால் தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டாவது வாங்கி வந்து படுக்கையில் போடுங்கள். முதல் மூன்று நாலு ராத்திரி கத்தும். தனியாகத் தொழுவத்தில் விடாமல் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுக்க வையுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைத்தால் அதை அணைத்துக்கொண்டு தூங்கும். இந்த இனத்துக்கு ரோமம் கட்டை, தோலுக்கடியில் கொழுப்பும் இல்லை. நம் ஊர் மார்கழிப் பனியே அதற்குப் பெரிய குளிர்.

இப்போது தீனி. விலா தெரிகிறது என்று கவலைப்படுகிறீர்கள். வளர்ந்த சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவதுதான் சரியான உடம்பு. ஆனால் 40 நாள் குட்டி மொழுமொழுவென்று இருக்க வேண்டும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தித் தெரிந்து, வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தால் அது தீனிக் குறை மட்டும் இல்லை, குடற்புழு. எத்தனை முட்டை போட்டாலும் புழுதான் தின்னும். ஆகவே தீனிக்கு முன்னால் பூச்சி மருந்து.

நாய்க்குட்டிகள் பெரும்பாலும் புழுவோடுதான் பிறக்கின்றன. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குப் போய்விடும், கொக்கிப் புழு தாய்ப்பால் வழியாகப் போகும். அதனால்தான் 2, 4, 6, 8 வாரங்களில் மருந்து கொடுக்கச் சொல்வார்கள். பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு தடவை, அதற்கு மேல் 3 மாதத்துக்கு ஒரு தடவை. உங்கள் குட்டிக்கு இதுவரை ஒன்றும் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் எடை போட்டு, எடைக்குத் தக்க அளவு கேட்டு வாங்குங்கள். மருந்துக் கடையில் குத்துமதிப்பாக வாங்கி ஊற்ற வேண்டாம். கொடுத்த மறுநாள் சேமியா மாதிரி வெள்ளையாக விழுந்தால் பயப்படாதீர்கள், அது விழத்தான் வேண்டும். அந்தக் கழிவை உடனே அள்ளிக் குழியில் போட்டு மூடுங்கள். அந்த முட்டைகள் மண்ணில் கிடந்து வீட்டுக் குழந்தைகள் வயிற்றுக்குள்ளும் போகும்.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள். குட்டியின் மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தால் கொக்கிப் புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

நம் பக்கத்தில் வழிவழியாகக் கொடுப்பது கம்பங்கூழ், கேப்பைக் களி, சோளச்சோறு, அதில் கொஞ்சம் மோர். வளர்ந்த நாய் அதைத் தின்றும், காட்டில் எலியைப் பிடித்தும் ஈடுகட்டிக்கொண்டது. வளரும் குட்டிக்கு வெறும் கூழ் போதாது. தின்னும் தீனியில் ஈரத்தை நீக்கிப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருக்க வேண்டும். கூழில் அவ்வளவு இல்லை. வயிறு நிறையும், சதை பிடிக்காது.

அதற்காக முழுக்கக் கறியைப் போடுவது அதைவிட ஆபத்து. இதை நான் ஒரு குட்டியைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு கருங்கன்னிப் பெட்டை, ஈத்திலேயே உசத்தியான குட்டி. ஆசையில் தினம் கோழிக்கறியும் ஈரலுமாகப் போட்டேன், சோற்றைக் கண்ணில் காட்டவில்லை. நாலாவது மாதம் முன்னங்கால் இரண்டும் மணிக்கட்டில் வெளிப்பக்கமாக வளைய ஆரம்பித்தது. தொட்டால் கத்தும். படியிலிருந்து இறங்காமல் மேலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு நிழல் மாதிரி மெலிந்து தெரிந்தது. கறியில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு அதைச் சொந்த எலும்பிலிருந்து கரைத்து எடுக்கிறது. தீனியை மாற்றி, டாக்டர் சொன்ன அளவில் கால்சியம் கொடுத்து, இரண்டு மாதத்தில் வலி போனது. கால் முழுசாக நேராகவே இல்லை. பன்னிரண்டு வருடம் என்னோடு இருந்தாள். அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு உறுத்தும்.

ஆகவே கணக்கோடு கொடுங்கள். 3 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 480 கலோரி வேண்டும். வீட்டுத் தீனியில் இது இப்படி வரும்: வேகவைத்து எலும்பு நீக்கிய கோழிக்கறி 100 கிராம், ஒரு அவித்த முட்டை, குழைய வெந்த சோறோ கேப்பைக் களியோ 120 கிராம், தயிர் ஒரு சின்னக் கரண்டி. கூடவே வெந்து மசித்த பூசணியோ கேரட்டோ ஒரு கை. 5 கிலோ ஆகும்போது இது 700 கலோரி வரை போகும், அதே விகிதத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். இதை நாலு வேளையாகப் பிரித்து, காலை 6, 11, மாலை 4, இரவு 9 என்று கொடுங்கள். 3 மாதம் முடிந்ததும் மூன்று வேளை, 6 மாதத்துக்கு மேல் இரண்டு வேளை.

இந்த வீட்டுத் தீனியில் கால்சியம் குறை, அதைச் சேர்த்தே ஆக வேண்டும். முட்டை ஓட்டைக் கழுவி, வாணலியில் வறுத்து, மிக்சியில் மாவாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. 3 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு அரைத் தேக்கரண்டி மாவு, 5 கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி. இந்த அளவை உங்கள் டாக்டரிடம் ஒரு முறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் குட்டித் தீவனம் மட்டும் போடுபவர்கள் இதைச் சேர்க்கவே கூடாது. அதில் சரியான அளவு ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதற்கு மேல் கால்சியம் டானிக்கும் ஊற்றினால், பெரிய நாயைப் போல வேண்டாததைத் தள்ளிவிடக் குட்டியின் குடலுக்குத் தெரியாது, தேவைக்கு மேல் உறிஞ்சி எலும்பு கோணலாகும். தீவனமும் போட்டு டானிக்கும் ஊற்றுவதைத்தான் இப்போது வீட்டுக்கு வீடு பார்க்கிறேன்.

கையில் காசும் நேரமும் அளவாக இருந்தால் என் யோசனை, பாதிக்குத் தரமான குட்டித் தீவனம், பாதிக்கு வீட்டுத் தீனி. அப்போது முட்டை ஓட்டு மாவையும் பாதியாக்கிவிடுங்கள். எதை மாற்றினாலும் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், ஒரே நாளில் மாற்றினால் கழிச்சல்தான்.

பசும்பால் ஊற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பால் குடி மறந்த குட்டிக்குப் பாலில் உள்ள சர்க்கரை சரியாகச் செரிக்காது, நிறையக் குட்டிக்கு வயிற்றால் போகும். தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். ஆட்டு ஈரல் வாரம் ஒரு நாள் கட்டைவிரல் அளவு போதும். சாளை மீன் கிடைத்தால் அவித்து முள் எடுத்துக் கொடுங்கள், ரோமம் பளபளக்கும். கோழிக் கடைக் கழிவை இலவசமாகக் கிடைக்கிறது என்று பச்சையாகப் போடாதீர்கள், அதில் வரும் கிருமி குட்டிக்கும் வீட்டுக்கும் ஆகாது. வெந்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடையும், குடலைக் கிழிக்கும். மிச்ச பிரியாணியும் குழம்புச் சோறும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். கிஸ்மிஸ், திராட்சை, சாக்லேட் மூன்றும் விஷம். வீட்டு விசேஷத்தில் பாயசத்தை நக்கவிடாதீர்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு, அதுவும் ஈரலைக் கெடுத்துக் கொல்லும்.

வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி உங்கள் எடையைக் கழித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் எடை ஏறாமல் நின்றால் ஏதோ இருக்கிறது என்று அந்த நோட்டு உங்கள் கண்ணுக்கு முன்னால் சொல்லிவிடும்.

தடுப்பூசி. பார்வோ என்ற ரத்தக் கழிச்சல் நோய்தான் நம் பக்கத்துக் குட்டிகளுக்கு எமன். முந்தின நாள் துள்ளிய குட்டி தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுக்கும், பிறகு நுரையாக வாந்தி, பிறகு தக்காளிச் சாறு மாதிரி ரத்தத்தோடு கழிச்சல். அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. வாந்தி தொடங்கிய அன்றே குளுக்கோஸ் ஏற்றினால் பிழைக்க வழி உண்டு, மோர் கொடுத்துப் பார்ப்போம் என்று இரண்டு நாள் கடத்தினால் கஷ்டம். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்துக்குள், பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் முடியும்வரை. கடைசி ஊசியை விட்டுவிடாதீர்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி உள்ளே இருக்கும்வரை ஊசி பிடிக்காமல் போகலாம், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வெறிநாய்க்கடி ஊசி 3 மாதத்தில், பிறகு டாக்டர் சொல்கிறபடி தவறாமல். காட்டு எலியும் தேங்கிய தண்ணீரும் உள்ள இடம் என்றால் எலிக்காய்ச்சல் ஊசியும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊசி முடியும்வரை தெருவில் இறக்கி விடாதீர்கள். ஆஸ்பத்திரியிலும் தரையில் விடாமல் மடியிலேயே வைத்திருங்கள், அங்கேதான் நோய்ப்பட்ட நாய் எல்லாம் வந்து போகிறது. ஆனால் இதைச் சாக்கிட்டு வீட்டுக்குள் பூட்டவும் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து மூன்றரை மாதம் வரைதான் உலகம் பயப்பட வேண்டிய இடமா இல்லையா என்று குட்டி முடிவு செய்கிறது. சிப்பிப்பாறை இயல்பிலேயே ஒரே ஆளுக்குப் பழகும், அந்நியரைக் கண்டால் ஒதுங்கும். ஒரு கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, டிராக்டர் ஓடும் களம் எல்லாம் காட்டுங்கள். நாலு பேர் தடவிக் கொடுக்கட்டும்.

கோழியும் ஆடும் உள்ள வீடு என்று எழுதியிருந்தீர்கள். தினம் காலையில் கோழிக்குத் தீனி தூவும்போது குட்டியைக் கயிற்றில் பிடித்துப் பக்கத்தில் உட்காருங்கள். கோழி சிறகடித்ததும் காது மடங்கி, உடம்பு வில் மாதிரி விறைக்கும். இழுக்காதீர்கள், அதட்டாதீர்கள். சும்மா இருங்கள். எப்போதாவது ஒரு கணம் கோழியை விட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அந்த நொடியில் ஒரு துண்டுக் கறி. முதல் நாள் அந்தத் திரும்பல் வரப் பத்து நிமிஷம் ஆகலாம். இரண்டு வாரத்தில் கோழி பறந்ததும் உங்கள் கையைப் பார்க்கும். வளர்ந்தபின் அவிழ்த்துவிட்ட நாயைத் திரும்பக் கூப்பிடும் பாடம் முழுக்க இந்த ஒரு திரும்பலில் இருக்கிறது. தீனி வைக்கும்போதெல்லாம் ஒரே மாதிரி விசில் அடியுங்கள். எதிரே தீனி இல்லாமல் திட்டுவதற்கு அந்த விசிலை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

கழுத்துப் பட்டை வாங்கும்போது அகலமான தோல் பட்டையாகப் பாருங்கள். இந்த இனத்துக்குத் தலை ஒடுக்கம், கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே சுற்று. சாதாரணப் பட்டையிலிருந்து பின்னால் இழுத்து ஒரு நொடியில் உருவிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விடும்.

அடுத்து, ஓட்டம். பைக்குக்குப் பின்னால் ஓட்டுவது ஒரு வயதுக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். குட்டியின் நீளெலும்புகளின் நுனியில் வளரும் குருத்து இருக்கிறது, அது இறுகிக் கெட்டியாக ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதற்குள் தார் ரோட்டில் கயிறு கட்டி ஓட்டினால் குருத்து நசுங்கி ஒரு கால் குட்டையாகவோ கோணலாகவோ போகும். தானாக ஓடி, தானாக நிற்கும் விளையாட்டு எவ்வளவும் ஆடட்டும். உழுத காடு, மணல் தரை நல்லது. ஒரு வருடம் ஆனபிறகும் வெயில் ஏறும் முன், விடியற்காலையில் மட்டும். தின்ற உடனே ஓட விடாதீர்கள், ஓடி வந்து மூச்சு வாங்கும்போதும் தீனி வைக்காதீர்கள், முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் உண்டு. சில மணி நேரத்தில் நாயைக் கொன்றுவிடும்.

வேட்டை பற்றி நேராகவே சொல்கிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி முயல் பிடிப்பது குற்றம். முயல் சாக வேண்டும் என்றுகூட இல்லை. நாயை விட்டு விரட்டுவதும், அதற்கு முயற்சிப்பதும் அந்தச் சட்டத்தில் வேட்டை என்றே வருகிறது. காட்டுப்பன்றி, உடும்பு, கௌதாரி எதுவும் விலக்கில்லை. வனத்துறையினர் நாயையும் பிடித்துக்கொண்டு போகலாம். சட்டம் இருக்கட்டும். என் சின்ன வயதில் மானாவாரிக் காட்டில் நடந்தால் காலடியில் முயல் தாவும். இப்போது ஒரு மாதம் நடந்தாலும் ஒன்றைப் பார்ப்பது அபூர்வம். இருப்பதையாவது விட்டுவைப்போம். கன்னியும் சிப்பிப்பாறையும் முயலுக்காக உருவான நாய்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை ஓட வேண்டும், அதற்கு முயல்தான் வேண்டும் என்பதில்லை.

நான் செய்வது இதுதான். ஐந்தடி மூங்கில் கம்பு, நுனியில் பத்தடிக் கயிறு, கயிற்று முனையில் பழைய சாக்குத் துணியை முடிந்து கட்டியது. அதைத் தரையோடு வளைத்து இழுத்தால் முயல் திரும்புகிற மாதிரியே திரும்பும். மூன்று மாதக் குட்டிக்கு இரண்டு நிமிஷம், கூர்மையாகத் திருப்பாமல், மெதுவாக. விரட்டிப் பிடித்ததும் வாயில் கொஞ்ச நேரம் வைத்திருக்க விடுங்கள், பிறகு ஒரு துண்டுக் கறியைக் காட்டி மாற்றி வாங்குங்கள். ஒரு வயதுக்குப் பிறகு வேலி போட்ட தோட்டத்தில் முழு வேகத்துக்கு விடலாம். தோட்டத்தில் பெருச்சாளி இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளும், ராத்திரி காவலுக்கும் ஆகும்.

உண்ணி பற்றி ஒரு வார்த்தை. தினம் சாயங்காலம் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் குட்டி தாங்காது. மாட்டுக்கு அடிக்கும் மருந்தை எடுத்து நாய்க்குப் பூசாதீர்கள், குட்டிக்கென்று வயதும் எடையும் பார்த்துக் கொடுப்பதை மட்டும் வாங்குங்கள். பின்னால் எப்போதாவது அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், இது சிப்பிப்பாறை, கொழுப்பில்லாத ஓட்ட நாய் என்று டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். தயோபென்டோன் வகை மருந்திலிருந்து இந்த நாய்கள் தெளிய ரொம்ப நேரம் எடுக்கும், வேறு மருந்து இருக்கிறது.

நாளை காலை குட்டி கழித்ததில் கொஞ்சத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்து மூடி, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழிவைப் பார்த்தால் எந்தப் புழு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். போகும் முன் அந்த 6 மணித் தீனியைக் கொடுத்துவிட்டே போங்கள். எடையையும் ஈறின் நிறத்தையும் எனக்கு எழுதுங்கள், அடுத்த வாரத் தீனி அளவை அதை வைத்துச் சொல்கிறேன்.